யூடியூபா, ஸ்பாட்டிஃபையா, சொந்த ஃபீடா? தனி ஆளாகத் தமிழ்ப் பாட்காஸ்ட் தொடங்குகிறவர் எதை எடுப்பது

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, நானும் பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போறேன். யூடியூப்ல போடவா, ஸ்பாட்டிஃபைல போடவா?" ஆறு வருடமாக இதில் கிடந்து உழல்கிறவன் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். போனை வைக்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அன்று பேசியதையும், அப்புறம் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய திட்டம் இது. வாரம் ஒரு எபிசோட், 20 நிமிடம். ஒரு வாரம் பழைய சிறுகதை ஒன்றை வாசிப்பது, அடுத்த வாரம் ஊரில் இருக்கும் ஆச்சி, தாத்தாக்களிடம் பேசிப் பதிவு செய்வது. கையில் 3,000 ரூபாய் மைக், ஒரு லேப்டாப், பள்ளிக்கூட வேலை முடிந்து மிஞ்சும் இரவு நேரம். கேமரா முன்னால் உட்கார விருப்பமில்லை. மாதம் எவ்வளவு செலவழிப்பாய் என்று கேட்டதற்கு, "செலவா?" என்றாள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் ஒரே வகைப் பொருள் அல்ல. பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் இரண்டே சங்கதிதான்: எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் ஒலிக்கோப்பு, அந்தக் கோப்புகளின் முகவரிகளை வரிசையாக எழுதிவைத்த ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற ஒரு பக்கம். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்ற செயலிகள் அந்தப் பக்கத்தை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் கேட்பவர் போனில் காட்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் சேர்த்தபின் ஊரறிந்தது. ஃபீட் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நிகழ்ச்சி இருக்கிறது.

2024 ஜூனில் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை உலகம் முழுக்க மூடினார்கள். ஆண்ட்ராய்டு போன்தான் நம் ஊரில் பெரும்பாலானவர் கையில் இருக்கிறது. அதில் கேட்டுக்கொண்டிருந்த என் ஆட்கள் பலர் வேறு செயலிக்கு மாறவே இல்லை. வலித்தது, உண்மை. ஆனாலும் என் ஃபீட் அப்படியே இருந்தது. ஆட்கள் குறைந்தார்கள், நிகழ்ச்சி போகவில்லை. அதற்கு முன் நான் முதன்முதலில் பதிவேற்றியிருந்த ஓர் இலவசச் செயலியில் கதை வேறு. அங்கே ஃபீடும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாள் செயலி திறக்கவில்லை, அவ்வளவுதான். பதிவுகளின் பிரதி என்னிடம் இருந்தது. கேட்டவர்கள் யார், எத்தனை பேர் என்பது இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாளைக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் எதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம்?

யூடியூப்: கூட்டம் இங்கேதான்

ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், தமிழில் புதிய ஆள் காதில் விழ வேண்டுமானால் யூடியூப்தான். பாட்காஸ்ட் என்ற சொல்லையே கேட்டிராத என் சித்தப்பா தினமும் இரண்டு மணி நேரம் யூடியூபில் பேச்சுக் கேட்கிறார். மாதம் 100 கோடிப் பேர் தங்களிடம் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் யூடியூபே அறிவித்தது. தேடினால் கிடைக்கும், பக்கத்தில் பரிந்துரையாக வரும், கீழே கருத்து எழுதுவார்கள். ஆர்எஸ்எஸ் உலகத்தில் இந்த மூன்றுமே ஏறக்குறைய கிடையாது.

சரி, வருமானம்? விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அக்கா மகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். 20 நிமிட எபிசோடை ஒருவர் சராசரியாக 8 நிமிடம் கேட்கிறார் என்று வைத்தால் 30,000 பார்வைகள் தேவை. வாரம் ஒன்று என்று வருடத்துக்கு 52 எபிசோட். ஒன்றுக்குச் சுமார் 580 பார்வை. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டால் அந்த 8 நிமிடம் கிடைப்பதே பாடு. எத்தனையாவது விநாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு வரைந்து காட்டும். என்னுடைய முதல் கோடு குற்றால அருவி மாதிரி விழுந்தது. ஒரு வாரம் நான் மைக்கைத் தொடவில்லை.

அவளுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தாங்கள் எழுதாத எழுத்தை வெறுமனே வாசிக்கும் பதிவுகளுக்கு வருமானம் தருவதில்லை என்று யூடியூப் விதியிலேயே இருக்கிறது. கதை வாசிப்பு என்றால் கதைக்கு முன்னும் பின்னும் அவளுடைய சொந்தப் பேச்சு கணிசமாக இருந்தாக வேண்டும்: இந்தக் கதை எப்போது வந்தது, இதில் வரும் சொல் நம் ஊரில் இன்னும் புழங்குகிறதா என்ற மாதிரி. கேட்பவருக்கும் அது நல்லதுதான்.

கதை உரிமை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன், 1954-இல் மறைந்த கல்கி போன்றவர்களை யாரும் வாசிக்கலாம். தமிழ்நாட்டில் இன்னொரு வசதி, நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து, எழுத்துகளை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுகிறது. வாசிப்புப் பாட்காஸ்ட் செய்கிறவருக்கு இது பெரிய புதையல். காலமாகி 60 ஆண்டு முடியாதவர், நாட்டுடைமையும் ஆகாதவர் என்றால் வாரிசிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடக்கூடாது. அப்புறம் தொடக்கத்தில் பத்து விநாடி இளையராஜா பின்னணி இசை போடலாமா என்றாள். வேண்டவே வேண்டாம். யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துக்கொண்டால் அந்த எபிசோடின் வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகும்; உரிமைக்காரர் புகாரே கொடுத்து 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை ஆகிவிட்டால் சேனலே போகும். தெருவில் கொட்டு அடிப்பவரிடம் ஒரு நிமிடம் பதிவு செய்து, காசும் கொடுத்து, பயன்படுத்திக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன்.

யூடியூபில் கேட்கும் பழக்கத்தைப் பற்றிச் சின்ன விஷயம். இலவசக் கணக்கில் போன் திரையை அணைத்தால் பேச்சு நின்றுவிடும். மாவு அரைத்துக்கொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பவருக்கு இது தொல்லை. ஆனால் யூடியூப் மியூசிக் செயலியில் பாட்காஸ்ட்டை மட்டும் காசில்லாமலே திரை அணைந்த நிலையில் கேட்கலாம். அதற்கு நாம் சேனலில் வெறும் வீடியோவாகப் போடாமல், அந்த பிளேலிஸ்டைப் பாட்காஸ்ட் என்று குறித்துவைக்க வேண்டும். இரண்டு சொடுக்கு வேலை. பல தமிழ்ச் சேனல்கள் இதைச் செய்வதில்லை.

கிளம்பும் நாள் வந்தால்? கோப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சந்தாதாரர் ஒருவரைக்கூட எடுத்துப் போக முடியாது.

ஸ்பாட்டிஃபையின் இலவச இடம்

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதே மாதம்தான் ஆங்கர் என்ற இலவசப் பதிவேற்றத் தளத்தை வாங்குவதாகவும் அறிவித்தது. போனிலேயே பேசி, போனிலேயே வெட்டி, காசில்லாமல் எல்லாச் செயலிக்கும் அனுப்பலாம் என்றதும் என்னைப் போன்ற பலர் அதில்தான் புகுந்தோம். 2023-இல் ஆங்கர் என்ற பெயர் போய் ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ் ஆனது, 2024-இல் ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் ஆனது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிறதே தவிர, இடம் இன்னும் இலவசம்தான். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். இங்கே ஒரு நல்ல விஷயம், வெளியே போகக் கதவு வைத்திருக்கிறார்கள். ஃபீடை வேறு இடத்துக்குத் திருப்பிவிடும் வசதி உண்டு. அதாவது, பழைய முகவரிக்கு வரும் செயலிகளை "இனி அங்கே போ" என்று நிரந்தரமாக அனுப்பிவிடலாம். கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். ஆர்எஸ்எஸ் ஃபீட் இயங்குகிறதா, ஃபீடில் உங்கள் மின்னஞ்சல் தெரிகிறதா.

இந்த மின்னஞ்சலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் ஃபீடில் நான் கொடுத்திருந்தது அன்று வேலை பார்த்த அலுவலகத்தின் மின்னஞ்சல். வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து நிகழ்ச்சியை வேறு இடத்துக்கு மாற்றப் போனால், "நீங்கள்தான் உரிமையாளரா என்று சரிபார்க்க உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. அந்தப் பெட்டி எப்போதோ மூடியாயிற்று. அந்த ஹோஸ்டின், அதாவது கோப்பையும் ஃபீடையும் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனத்தின், உதவிப் பிரிவுக்கு மூன்று வாரம் கடிதம் எழுதி, என் அடையாள அட்டையெல்லாம் காட்டி, கடைசியில் யாரோ ஒருவர் மனமிரங்கினார். எனவே முதல் செலவாக வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் போல ஆகும் சொந்த டொமைன் பெயரையும் (நம் பேரில் ஓர் இணைய முகவரி), அதில் ஒரு மின்னஞ்சலையும் வாங்கிவிடு என்று அவளிடம் சொன்னேன்.

ஸ்பாட்டிஃபையில் காசு? விளம்பர, சந்தா வருமானத்தில் பங்கு தரும் திட்டத்தை 2025 ஜனவரியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று தொடங்கினார்கள். பட்டியலில் உங்கள் நாடு சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வீடியோவில் இன்னொரு பிணக்கு உண்டு. வேறு ஹோஸ்டில் ஒலிக்கோப்பு வைத்திருப்பவர் ஸ்பாட்டிஃபைக்கு வீடியோவும் கொடுத்தால், அங்கே வீடியோதான் ஓடும். அந்தக் கேட்புகள் ஹோஸ்டின் கணக்கில் பெரும்பாலும் வராது. ஸ்பான்சரிடம் எண்ணிக்கை காட்டும்போது தலைவலி.

மாத வாடகை கொடுத்து ஃபீட் வைப்பது

பஸ்ஸ்ப்ரௌட், டிரான்சிஸ்டர், பாட்பீன் என்று நிறைய இருக்கின்றன. மாதம் ஏறக்குறைய 12 முதல் 20 டாலர், நம் காசில் ஆயிரத்திலிருந்து 1,800 வரை. என்ன கிடைக்கும் என்றால், நிம்மதி. கணக்கு துல்லியமாக இருக்கும், உங்கள் நிகழ்ச்சியில் அவர்கள் இஷ்டத்துக்கு எதையும் செருக மாட்டார்கள், கேள்வி கேட்டால் மனிதர் பதில் சொல்வார். நான் இப்போது இருப்பது இப்படி ஓர் இடத்தில்தான்.

ஆனால் ஒரு நம்மூர்ச் சிக்கல். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் காசு எடுப்பதற்கு முறையான ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களில் பல இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. காசு இருந்தும் கட்டணம் போகாது. ஹோஸ்ட் இரண்டு முறை நினைவூட்டிவிட்டு ஃபீடை நிறுத்திவிடும். எனக்கு ஒரு தீபாவளி வாரம் அப்படிப் போனது. முடிந்தால் வருடக் கட்டணமாக ஒரே தடவையில் கட்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு வாடகையும் வேண்டாம். காஸ்டோபாட் என்ற திறமூல மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். தெரியாதவர் இந்தப் பக்கம் வராதீர்கள். பாட்காஸ்ட் செய்யும் நேரத்தில் சர்வர் மேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆடியோ நிறுவனத்தோடு ஒப்பந்தம்

குக்கூ எஃப்எம், பாக்கெட் எஃப்எம் மாதிரிச் செயலிகள் தமிழிலும் நிகழ்ச்சி வைத்திருக்கின்றன. முன்கூட்டியே ஒரு தொகை பேசிக்கொண்டு வேலை செய்வது நிம்மதிதான். நடிப்புக் குரல் உள்ளவருக்கு, தொடர்கதை எழுதுபவருக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆனால் அது அவர்களுக்காகச் செய்யும் வேலை. உங்கள் பாட்காஸ்ட் ஆகாது. ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: எல்லா வடிவத்திலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும் உரிமை அவர்களுக்கு. நம் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடத்தைக் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். அதனால்தான் அவர்கள் அந்த வரியை மறக்காமல் எழுதுகிறார்கள். "மூன்று வருடம், ஒலி வடிவம் மட்டும்" என்று அடித்துத் திருத்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆச்சிமார் குரலை அப்படி எழுதிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. இந்த வழியை நாங்கள் ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

காசு எங்கிருந்து வரும்

எந்த இடத்தில் வைத்தாலும் தமிழ்த் தனி ஆளுக்கு முதல் காசு விளம்பர நிறுவனத்திடமிருந்து வராது. என் அனுபவத்தில் முதல் காசு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரரிடமிருந்து வந்தது, எபிசோடுக்கு 1,500 ரூபாய். அன்று எனக்கு இருந்தது 400 சொச்சம் கேட்பவர்கள். பெரிய விளம்பரச் சந்தைக் கணக்கில் அந்த எண்ணுக்கு டீக்காசுகூடத் தேறாது. கடைக்காரருக்கோ அந்த 400 பேரும் பழைய தொழில், பழைய சாப்பாடு என்று காது கொடுப்பவர்கள், அவருக்கு வேண்டியவர்கள். காசு வாங்கிச் சொல்கிறோம் என்பதை எபிசோடிலேயே சொல்லிவிட வேண்டும், யூடியூபில் அதற்கென்று இருக்கும் கட்டத்தையும் குறிக்க வேண்டும்.

கேட்பவரிடமே வாங்குவது இரண்டாவது வழி. ரசிகர்கள் மாதாமாதம் காசு கொடுக்க உதவும் தளமான பேட்ரியான் 2025 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேர்பவரிடம் 10 சதவீதம் எடுக்கிறது, பணம் அனுப்பும் கட்டணம் தனி. உள்ளூர்க்காரருக்கு யுபிஐ போதும், பிடித்தமே இல்லை. ஒன்றே ஒன்று: யுபிஐயில் காசு அனுப்பும்போது வங்கியில் உள்ள உங்கள் முழுப்பெயர் எதிராளிக்குத் தெரியும், பல செயலிகளில் முகவரியே போன் எண்ணாகத்தான் இருக்கும். பெண்கள் இதை யோசிக்காமல் க்யூஆர் படத்தை ஊர் முழுக்க ஒட்டிவிடக் கூடாது. எண் இல்லாத தனி யுபிஐ முகவரி, முடிந்தால் தனிக் கணக்கு. டொராண்டோ, கோலாலம்பூர் அன்பர்களுக்குத்தான் பேட்ரியான் மாதிரி ஏதாவது வேண்டும். நாட்டு நடப்பும் செய்தியும் பேசுகிறவர்கள் மட்டும் வெளிநாட்டுக் காசு வாங்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் அங்கே குறுக்கே வரும். இத்தனைக்கும் செய்திதான் நமக்குத் திறந்து கிடக்கும் களம். தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியைத்தான் ஒலிபரப்பலாம். உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்தைப் பற்றி வாரம் பத்து நிமிடம் பேச வானொலியில் ஆள் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஆப்பிள் 2024 மார்ச்சில் பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் வசதியை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் ஆகியவற்றுக்குத் தொடங்கியபோது தமிழ் அதில் இல்லை. பேச்சுக்குள் இருப்பதைத் தேடுபொறி கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு எபிசோடுக்கும் 200 சொல்லாவது தமிழில் குறிப்பு எழுதுங்கள்; தலைப்பைத் தமிழிலும், மக்கள் தட்டச்சு செய்கிற தங்கிலீஷிலும் வையுங்கள்.

அப்படியானால் அவளுக்கு என்ன சொன்னேன்? காசு கட்டும் ஹோஸ்ட்தான் நல்லது என்று இத்தனை நேரம் பேசிவிட்டு, அவளுக்கு அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து மற்றவர்கள் தொடங்கிய பாட்காஸ்ட்களில் பாதிக்கு மேல் பத்தாவது எபிசோடைப் பார்க்கவில்லை. அவளும் நின்றுவிடலாம், அதில் தப்பில்லை. எனவே ஸ்பாட்டிஃபையின் இலவச இடத்தில் ஃபீட், சொந்த டொமைன் மின்னஞ்சல், அதே ஒலியைக் கையோடு யூடியூபிலும் பாட்காஸ்ட்டாக, மூலக்கோப்புகள் அளவைச் சுருக்காத வடிவில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில். 20 எபிசோட் தாண்டினால் வாடகை ஹோஸ்டுக்கு மாறுவது. கேமரா முன் உட்காரச் சம்மதிப்பவராக இருந்தால் வரிசையைத் திருப்பிப் போட்டிருப்பேன்: யூடியூப் முதலில், ஃபீட் பின்னால்.

நேற்று முதல் பதிவை அனுப்பியிருந்தாள். பீரோவைத் திறந்துவைத்து, சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்ததாம். குரல் சுத்தமாக இருக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் மட்டும் பக்கத்து வீட்டு நாய் இரண்டு தடவை குரைக்கிறது. வெட்டவா என்று கேட்டாள். ஃபீடில் மின்னஞ்சல் தெரிகிறதா பார்த்தாயா என்று நான் கேட்டேன். இன்னும் பார்க்கவில்லையாம்.